கரடிக்கு ஒரு கைத்துப்பாக்கி

அவரோடு சேர்ந்து நடப்பது சிரமமான காரியம். கொஞ்ச தூரம் போவார், நிற்பார், திரும்பிப் பார்ப்பார், மறுபடி நடப்பார். ஓமன் மலைகளுக்கு நடுவே மழைக்கு மட்டும் தண்ணீர் ஓடும் வறண்ட ஓடைகள் உண்டு. வாதி என்பார்கள். அந்த வாதி வளைகிற இடம் வந்தால் வளைவுக்கு இந்தப் பக்கமே நின்று கையைத் தட்டுவார். "ஓய், வாறம்" என்று சத்தம் கொடுப்பார். பிறகுதான் காலெடுத்து வைப்பார். வளைவுக்கு அந்தப் பக்கம் யாரும் இருக்க மாட்டார்கள். எப்போதாவது ஒரு ஆடு நின்று எங்களை ஏற இறங்கப் பார்க்கும்.

முதல் தடவை அவரோடு போனபோது, யாரைக் கூப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன்.

"ஒருத்தரையும் இல்ல தம்பி. இருந்தா, நாங்கள் வாறம் எண்டு அதுக்குத் தெரியட்டும். திடீரெண்டு முன்னால போய் நிக்கக் கூடாது."

"எதுக்கு முன்னால?"

"கரடிக்கு."

அந்த மலைகளில் கரடி கிடையாது. எனக்குத் தெரிந்ததைவிட அவருக்கு அது நன்றாகத் தெரியும். அங்கே ஓநாய் உண்டு, நரி உண்டு, தெற்கே எங்கோ சிறுத்தை இருப்பதாகப் பேச்சு. இதையெல்லாம் எனக்குச் சொன்னவரே அவர்தான். தெரிந்திருந்தும் கையைத் தட்டினார்.

எண்பதுகளின் நடுவில் மஸ்கட் ரூவியில் ஒரு கனிம ஆய்வு நிறுவனத்தில் நான் வரைபடப் பிரிவில் இருந்தேன். அவர் நில அளவையாளர். மலையில் எந்தப் பாறை எங்கே இருக்கிறது என்று அவர் அளந்து வருவார், நான் அதைப் படமாக வரைவேன். நான் திருச்சிக்காரன். அவர் இலங்கையில் வவுனியாப் பக்கம் பிறந்து யாழ்ப்பாணத்தில் கல்யாணம் செய்துகொண்டவர். நாற்பது வயது இருக்கும். ஒல்லி. தலைமுடியைக் காது மறையும்படி வளர்த்திருப்பார். இடது காதில் பாதி கிடையாது. காதுக்குக் கீழிருந்து சட்டைக் காலருக்குள் ஒரு தழும்பு இறங்கிப் போகும். அலுவலகத்தில் எல்லோரும் அதை எண்பத்துமூன்று கலவரத்தில் பட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அப்படி நினைத்ததால் யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

உட்கார்ந்த இடத்தில் அவரால் இருக்க முடியாது. அலுவலகத்துக்குக் கீழே ஒரு மலையாளி ஹோட்டல் இருந்தது. பரோட்டா ஆறுவதற்குள் மூன்று இடம் மாறுவார். ஜன்னல் பக்கம் வெயில் அடிக்கிறது என்பார், விசிறி தலைக்கு நேரே சுற்றுகிறது என்பார். கடைசியில் சுவரோரமாக, சமையலறைக் கதவும் தெருக் கதவும் இரண்டும் தெரிகிற மேசையில் போய்ச் சேருவார். பரிமாறுகிற பையன்கள் அந்த மேசையைக் காலியாக வைத்திருக்கக் கற்றுக்கொண்டார்கள். அப்போதும் சாப்பிட்டு முடிப்பதற்குள் ஒருமுறை எழுந்து தெருவைப் பார்த்துவிட்டு வருவார். வண்டியை நிறுத்திய இடம் சரிதானா என்று பார்த்தேன் என்பார்.

மனைவியும் மகளும் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். அங்கே நிலைமை நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டிருந்தது. போன் கிடைப்பது அரிது. யாராவது கொழும்பு போய் வந்தால்தான் செய்தி. மஸ்கட்டுக்குக் கூட்டி வரலாம் என்றால், குடும்ப விசா வாங்குகிற சம்பளத் தகுதி அவருக்கு இல்லை.

எங்கள் குழுவின் தலைவர் ஒரு கனடாக்காரர். நெடிய மனிதர், வெயிலில் சிவந்த முகம், குறைவான பேச்சு. இரண்டு வருஷத்தில் ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பப் போகிறவர். போகும்போது இவரையும் கூட்டிப் போவதாகச் சொன்னார். கனடாவின் வடமேற்கில் மலைக்காட்டுக்குள் புதிதாக ஒரு ஆய்வு முகாம் தொடங்குகிறார்களாம். அளவையாளர் வேண்டும். மனைவி, மகள் எல்லோருக்கும் விசா. கையில் விழுந்த வரம் அது. ஆனால் அந்தக் காட்டில் கரடி உண்டு. ஒன்றிரண்டல்ல, நிறைய. முகாமை விட்டு வெளியே போகிற ஆட்கள், அனுமதி வாங்கி, இடுப்பில் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்வது அங்கே வழக்கம். துப்பாக்கியை அவரவர் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். கம்பெனி வாங்கித் தரும்.

அன்றிலிருந்து அவர் துப்பாக்கி தேர்ந்தெடுக்க ஆரம்பித்தார். முடிக்க இரண்டு வருஷம் ஆனது.

கனடாக்காரர் வரவழைத்துக் கொடுத்த விலைப்பட்டியல் புத்தகங்களைப் பையிலேயே வைத்திருப்பார். கிழிந்துபோய் ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை. தேநீர் குடிக்கிற நேரத்தில் என் மேசைக்கு வந்து நின்றுகொண்டே பேசுவார். எனக்குத் துப்பாக்கி பற்றி சினிமாவில் பார்த்ததைத் தவிர எதுவும் தெரியாது. அது அவருக்கு ஒரு பொருட்டில்லை.

அவர் சொல்லச் சொல்ல எனக்கும் விஷயம் கொஞ்சம் பிடிபட்டது. கைத்துப்பாக்கியில் இரண்டு சாதி. ஒன்று சுழல்கிற உருளை உள்ள ரிவால்வர். இன்னொன்று கைப்பிடிக்குள் தோட்டா அடுக்கித் தள்ளுகிற பிஸ்டல். பிஸ்டலில் தோட்டா அதிகம் பிடிக்கும், தட்டையாக இருக்கும், தூக்குவதற்குச் சுலபம். அலுவலகத்தில் யாரைக் கேட்டாலும் பிஸ்டல் என்றுதான் சொல்லியிருப்பார்கள். அவர் அதை முதல் வாரத்திலேயே ஒதுக்கிவிட்டார். ஏன் என்று கேட்டேன்.

"அதின்ர முன்பக்கம் ஒண்டில இடிச்சா மேல்பாகம் கொஞ்சம் பின்னால தள்ளுப்படும். தள்ளுப்பட்டா வெடிக்காது. ரிவால்வரை அதின்ர உடம்போட அமத்திப் பிடிச்சும் சுடலாம்."

"எதோட உடம்புண்ணே?"

"அது எனக்கு மேல கிடக்கேக்க, தம்பி. தூரத்தில நிண்டு சுடுறதுக்கு எண்டால் நான் ஏன் இவ்வளவு யோசிக்கிறன்?"

இதை அவர் வெகு சாதாரணமாகச் சொன்னார், தேநீரில் சர்க்கரை போதவில்லை என்பது போல. எனக்குக் கையிலிருந்த பேனாவை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

ரிவால்வர் என்று முடிவானதும் அடுத்த யோசனை தொடங்கியது. கரடியின் மண்டை சரிவானது, மெல்லிய குண்டு வழுக்கிப் போய்விடும், கனமான குண்டு வேண்டும். கனமான குண்டு என்றால் உதைப்பு அதிகம். உதைப்பைத் தாங்கத் துப்பாக்கியும் கனமாக இருக்க வேண்டும். ரொம்பக் கனத்தால் ஒருநாள் சலித்துப்போய்க் கூடாரத்தில் வைத்துவிட்டுப் போவோம். நீளக் குழல் குறி தப்பாது, ஆனால் உறையிலிருந்து வெளியே வர நேரமாகும். இடுப்பில் கட்டினால் முதுகுப் பையின் வார் அதை மூடிவிடும். ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வருவார். ஒரு வாரம் இது என்பார், அடுத்த வாரம் அதில் ஒரு குறை கண்டுபிடித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவார். என் மனைவி சாந்தா, வெள்ளிக்கிழமைகளில் அவர் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரும்போது, பெண் பார்க்கிறவர்கள்கூட இத்தனை யோசிக்க மாட்டார்கள் என்று கேலி செய்வாள். அவர் சிரிக்க மாட்டார். அவருக்கு அது கேலி என்றே படாது.

மஸ்கட்டில் அவருக்குத் துப்பாக்கியைக் கையில் தொடக்கூட வழியில்லை. வெளிநாட்டுக்காரன், அதிலும் அந்தக் காலத்து இலங்கைத் தமிழன். அதனால் மரத்தில் செய்தார். விலைப்பட்டியலில் இருந்த அளவை எடுத்து என் வரைபலகையில் முழு அளவுக்கு வரைந்தார். எங்கள் தச்சரிடம் கொடுத்து வெட்டி வாங்கினார். உள்ளே குடைந்து, மீன் வலைக்குக் கட்டுகிற ஈயக் குண்டுகளை உருக்கி ஊற்றி, உண்மைத் துப்பாக்கியின் எடைக்குக் கொண்டுவந்தார். மேலே கறுப்புச் சாயம். அதை ஒரு துணிப்பையில் போட்டு மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு மலையேறி வேலை செய்வார். அளவைக் கருவியைக் குனிந்து பார்க்கும்போது இடிக்கிறதா, ஏணி ஏறும்போது வழுக்குகிறதா என்று பார்ப்பார். நிஸ்வாப் பக்கம் முகாமில் இருந்தபோது ஓமானி டிரைவர்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர்கள் ஊரில் ஆண்பிள்ளைகள் உண்மையான துப்பாக்கியையே தோளில் மாட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போவார்கள்.

அந்த மரத் துப்பாக்கிதான் அவரை மாட்டிவைத்தது.

முகாமிலிருந்து ரூவி திரும்புகிற வழியில் போலீஸ்காரர்கள் வண்டிகளை நிறுத்திச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். வழக்கமான சோதனைதான். என் பையைத் திறந்து பார்த்தார்கள், விட்டார்கள். அவர் பையைத் திறந்தார்கள். சட்டை, துண்டு, அதற்கடியில் அது. இளம் போலீஸ்காரன் ஒரு அடி பின்வாங்கி, கையை மேலே தூக்கச் சொன்னான். அவர் தூக்கினார். கடவுச்சீட்டை வாங்கிப் பார்த்ததும் அவர்களுக்குள் பேச்சு அரபியில் வேகமாக ஓடியது. எனக்குப் புரிந்தது ஊர்ப் பெயர் மட்டும்தான்.

பக்கத்து ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார்கள். மரம் என்று தெரிந்த பிறகும் விடவில்லை. மரத்தில் செய்து இத்தனை கனமாக ஈயம் ஊற்றி வைத்திருக்கிறவன் எதற்காக வைத்திருக்கிறான்? யாரைப் பயமுறுத்த? அவர் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து, எழுந்து, உட்கார்ந்து, எழுந்து கொண்டே இருந்தார். ஒருமுறை என் பக்கம் குனிந்து, கொழும்புக்கு ஏற்றிவிட்டால் விமான நிலையத்திலேயே தன்னைப் பிடித்துவிடுவார்கள் என்றார். தமிழன், வெளிநாட்டில் ஆயுதத்தோடு பிடிபட்டவன் என்று போட்டு அனுப்பினால் போதும். அவர் சொன்னது மிகையில்லை என்று எனக்கும் தெரியும்.

அதிகாரி வந்தார். பலூச்சி வம்சத்து ஓமானி, அதனால் நல்ல உருது. எனக்கு அரைகுறை இந்தி. நான்தான் நடுவில் நின்று பேசினேன். எதற்கு இது என்றார் அதிகாரி. கரடிக்கு என்றேன். அவர் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

"பாய், இங்கே கரடி மாஃபி." மாஃபி என்றால் அரபியில் இல்லை என்று அர்த்தம்.

தெரியும் சார், கனடாவில் இருக்கிறது என்றேன். சொல்லும்போதே எனக்கே நம்பிக்கை வரவில்லை. கனடாவுக்குக் கரடி சுடப் போகிறவன் நிஸ்வாவில் மரத் துப்பாக்கி கட்டிக்கொண்டு ஏன் அலைகிறான்? அதிகாரி அதையேதான் கேட்டார்.

அப்போது பெஞ்சிலிருந்து அவர் எழுந்து, சட்டைப் பொத்தான்களைக் கழற்றினார். காதை மறைத்திருந்த முடியை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு அதிகாரிக்கு முதுகைக் காட்டி நின்றார். தழும்பு காலரோடு நிற்கவில்லை. தோளில் பாதிச் சதையைக் காணோம். கழுத்துக்குப் பின்னாலிருந்து முதுகு நடுவரைக்கும் நான்கு கோடுகள், உழுத சால் மாதிரி, ஒன்றுக்கொன்று இணையாக இறங்கின. கத்தியோ வாளோ அப்படி ஒரே வீச்சில் நாலு கோடு போடாது. நானும் அன்றுதான் முதல் தடவை பார்க்கிறேன்.

அதிகாரி நாற்காலியிலிருந்து எழுந்து கிட்டே வந்து பார்த்தார். தொடவில்லை. பிறகு சட்டையைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். தேநீர் வரவழைத்தார். பலூச்சி மலையில் தன் அப்பாவின் ஊரில் ஒருதரம் கரடி அடித்த ஒரு ஆட்டை இப்படிப் பார்த்திருப்பதாகச் சொன்னார். மரத் துப்பாக்கியை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டு, கம்பெனி ஆள் வந்து கையெழுத்துப் போட்டதும் அனுப்பிவிட்டார். திரும்புகிற வழியெல்லாம் அவர் வண்டியை ஓட்டவில்லை. நான்தான் ஓட்டினேன். அவர் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

இத்தனைக்குப் பிறகு வேறு யாராக இருந்தாலும் அந்த எண்ணத்தையே விட்டிருப்பார்கள். அவர் அடுத்த வாரமே இன்னொன்று செய்ய ஆரம்பித்தார். இந்த முறை சாயம் பூசவில்லை, அவ்வளவுதான்.

கனடாக்காரருக்கு ஒரு யோசனை வந்தது. எத்தனை நல்ல துப்பாக்கி வாங்கினாலும் எடுக்கப் பழகாவிட்டால் பயனில்லை, கரடி குதிரை வேகத்தில் வரும் என்றார். ஒரு வெள்ளிக்கிழமை காலை முகாமுக்குப் பின்னாலிருந்த சரிவுக்கு லாரியின் பழைய டயர் ஒன்றைக் கொண்டுபோனோம். சரிவின் உச்சியில் கனடாக்காரர் டயரோடு. அடியில் அவர், மார்பில் மரத் துப்பாக்கியோடு. டயர் உருண்டு வந்து சேர்வதற்குள் அவர் துப்பாக்கியை எடுத்துக் குறி வைத்து, சுட்டதற்கு அடையாளமாகக் கத்த வேண்டும். நான் ஓரத்தில் நின்றேன்.

முதல் தடவை அவர் கை உறையின் மூடியில் இருக்கும்போதே டயர் அவரைத் தாண்டிப் போய்விட்டது. அவர் அதைத் திரும்பிப் பார்த்த பார்வை எனக்கு மறக்காது. இன்னொருமுறை என்றார். மூடியை வெட்டி எறிந்தார். இன்னொருமுறை. வெயில் ஏறிக்கொண்டே போனது. ஏழெட்டு முறைக்குப் பிறகு டயர் வருவதற்குள் எடுத்துவிட்டார், கத்தியும் விட்டார். கனடாக்காரர் மேலேயிருந்து கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். போதும் வாருங்கள் என்றேன். கடைசியாக ஒன்று என்றார்.

அந்தக் கடைசி டயர் ஒரு கல்லில் பட்டுத் திசை மாறியது. அவர் எதிர்பார்த்த இடத்தில் வராமல் பக்கவாட்டில் துள்ளி வந்து தொடையில் அடித்தது. விழுந்தார். பெரிய அடி இல்லை. ஆனால் எழுந்திருக்கவில்லை. குப்புறப் படுத்து, முழங்காலை வயிற்றுக்குள் மடக்கி, இரண்டு கையையும் பின்கழுத்தில் கோத்துக்கொண்டு அப்படியே கிடந்தார். நான் ஓடிப்போய் அண்ணே அண்ணே என்றேன். தோளைத் தொட்டேன். உடம்பு மரம்போல இறுகியிருந்தது. கனடாக்காரர் சறுக்கிக்கொண்டு இறங்கி வந்தார். வெயிலில் அவருக்கு நிழல் விழும்படி நாங்கள் இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தோம். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. வெகு நேரத்துக்குப் பிறகு விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. எழுந்து உட்கார்ந்து, வாயிலிருந்த மண்ணைத் துப்பிவிட்டு, துப்பாக்கி எங்கே என்று தேடினார். அவர் விழுந்த இடத்துக்கு எட்டத்தில் அது கிடந்தது.

அன்று மாலைதான் எனக்கு நடந்ததைச் சொன்னார்.

கல்யாணத்துக்கு முந்திய வருஷம். வன்னிக் காட்டுக்குள் ஒரு பழைய குளத்தின் அணைக்கட்டை அளக்கப் போயிருக்கிறார். பாலைப்பழம் பழுக்கிற காலம். அந்தப் பழத்துக்காகக் கரடிகள் மரத்தடிகளிலேயே திரியும், அப்போது காட்டுக்குள் போகிறவர்கள் துவக்கு இல்லாமல் போக மாட்டார்கள்; துப்பாக்கியை அவர் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். இவரிடமும் இருந்தது. ஜீப்பின் பின்சீட்டில். அளவைக் கருவியைத் தூக்குவதா, துவக்கைத் தூக்குவதா என்று வந்தபோது கருவியைத் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்கிறார். ஜீப் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில்தான் நின்றது. கரடி ஒரு புதருக்குள் படுத்திருந்தது. அதற்கும் அவரைத் தெரியாது, அவருக்கும் அதைத் தெரியாது.

"அது என்னைக் கடிச்சது எனக்குப் பிரச்சினை இல்லை தம்பி. அது ஏன் விட்டது எண்டதுதான் பிரச்சினை. நான் ஒண்டும் செய்யேல்ல. அடிக்கேல்ல, கத்தக்கூட இல்லை. என்ர காது அதின்ர வாய்க்குள்ள. திடீரெண்டு விட்டிட்டு எழும்பிப் போச்சு. ஏன் எண்டு தெரிஞ்சா, அடுத்தமுறை அதைச் செய்யலாம். தெரியாட்டி நான் எதைச் செய்யிறது?"

சொல்லிவிட்டு எழுந்து கூடாரத்தைச் சுற்றி ஒருமுறை நடந்து வந்தார்.

எண்பத்தேழின் கடைசியில் யாழ்ப்பாணத்தில் பெரிய சண்டை நடந்தது. அவர் மனைவியும் மகளும் இருந்த தெருவே இல்லை என்று முதலில் செய்தி வந்தது, பிறகு ஒரு கோயிலில் இருக்கிறார்கள் என்று வந்தது, பிறகு ஒன்றுமே வரவில்லை. அந்த வாரங்களில் அவர் ரூவித் தெருக்களில் நடந்தபடியே இருந்தார். ஏதாவது சாப்பிட்டாரா என்று கேட்டால் ஓம் என்பார், எங்கே என்று கேட்டால் தெரியாது. கனடாக்காரர் விசா வேலையைத் துரிதப்படுத்தினார். ஒரு வழியாக அவர்கள் கொழும்பு வந்துசேர்ந்தார்கள். கனடா போகிற வழியில் மஸ்கட்டில் சில நாள் தங்கி, மூன்று பேரும் சேர்ந்து போவதென்று ஏற்பாடு.

மனைவி சிறிய உருவம். வயதுக்கு மீறி நரைத்திருந்தது. மகளுக்கு எட்டு வயது. விமான நிலையத்தில் அப்பாவுக்கு வணக்கம் சொன்னாள், புதியவருக்குச் சொல்வது போல. எங்கள் வீட்டில்தான் தங்கினார்கள். சாந்தா அந்தக் குழந்தையிடம் எதையெதையோ பேசிப் பார்த்தாள். குழந்தை எல்லாவற்றுக்கும் தலையை மட்டும் ஆட்டியது. அவர் மட்டும் பரபரப்பாக இருந்தார். கம்பளிச் சட்டை வாங்கினார், அளவு சரியில்லை என்று மாற்றினார், மறுபடி மாற்றினார். துப்பாக்கி பற்றி மனைவியிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. தேர்வு அப்போது முடிந்திருந்தது: நாலங்குலக் குழல், நாற்பத்துநாலு மாக்னம் ரிவால்வர். அங்கே போய் இறங்கியதும் கைக்கு வரும்.

கிளம்புவதற்கு முந்திய வெள்ளிக்கிழமை மதியம், எல்லோரும் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கனடாக்காரர் ஒரு பொட்டலத்தோடு வந்தார். கைகுலுக்கினார், குழந்தையின் தலையைத் தடவினார், பொட்டலத்தை மேசைமேல் வைத்துப் பிரித்தார். மார்பில் கட்டுகிற தோல் உறை. ஊரிலிருந்து தபாலில் வரவழைத்திருக்கிறார். புதுத்தோல் வாசனை, சாம்பார் வாசனையையும் மீறி அடித்தது. அழகாகத்தான் இருந்தது. அவர் எழுந்து நின்று அதைக் கையில் வாங்கி வாரை இழுத்துப் பார்த்தார்.

குழந்தை நாற்காலியிலிருந்து இறங்கியது. யாரும் அதட்டவில்லை, யாரும் எதுவும் சொல்லவில்லை. உறைக்குள் துப்பாக்கிகூட இல்லை. இறங்கி, எச்சில் கையோடு, சத்தமே இல்லாமல் நடந்துபோய்க் குளிர்ப்பெட்டிக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த இடுக்கில் நுழைந்து உட்கார்ந்துகொண்டது. இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டது.

மனைவி எழுந்து போய் மகளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அங்கிருந்தபடியே, குரலை உயர்த்தாமல், அது என்ன என்று கணவரைக் கேட்டார். அவர் சொன்னார். கரடி, காடு, முகாம், அனுமதி எல்லாம் சொன்னார். எனக்குச் சொன்னது போலவே ஒவ்வொன்றாக. அந்த அம்மா முழுவதையும் கேட்டார்.

"ஒருநாள் இயக்கப் பெடியன் ஒருத்தன் வந்தவன். தேத்தண்ணி கேட்டான். துவக்கை மேசையில வச்சான், இவள் சாப்பிட்டுக்கொண்டிருந்த கோப்பைக்குப் பக்கத்தில. துவக்கின்ர வாய் அவளைப் பாத்தபடி. கொஞ்சம் தள்ளி வை தம்பி எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்ல. பிறகு ஆமிக்காரன் வந்தவன். அவனும் அதே மேசையிலதான் வச்சவன். அவனிட்டயும் நான் சொல்லேல்ல."

மகளின் தலையை மடியில் சாய்த்துக்கொண்டார்.

"உங்களுக்குக் கரடியெண்டால் பயம். அது எனக்கு விளங்குது. எங்களுக்குத் துவக்கெண்டால் பயம். ரெண்டும் ஒரு வீட்டுக்குள்ள எப்பிடி இருக்கிறது? நீங்களே சொல்லுங்கோ."

அவர் அது முகாமிலேயே இருக்கும், வீட்டுக்கு வராது என்றார். மனைவி மகளின் எச்சில் கையை எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைத்தார். கனடாக்காரருக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் குளிர்ப்பெட்டிப் பக்கம் பார்த்தவர், உறையை எடுத்து மறுபடி காகிதத்துக்குள் வைத்தார்.

அவர் வெளியே போனார். நான் பின்னாலேயே போனேன். மாடிப்படியில் ஏறினார், இறங்கினார், ஏறினார். இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்று சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு வருசமா நான் அதைச் சந்திக்கத்தான் ஆயத்தப்படுறன் தம்பி. இந்தமுறை கையில ஒண்டு இருந்தா எப்பிடியிருக்கும் எண்டு பாக்க வேணும். அது ஒண்டுதான்."

பிறகு அவர் இறங்கிவந்து, கனடாக்காரரிடம் ஆங்கிலத்தில், காட்டுக்குள் போகாமல் வேறு வேலை ஏதாவது இருக்கிறதா என்று விசாரித்தார். ஊருக்குள் ஒரு கொட்டகை இருக்கிறது, துளைபோட்டு எடுத்த பாறைத் துண்டுகளை வரிசையாக அடுக்கி அளந்து குறிக்கிற வேலை, சம்பளம் குறைவு, நாளெல்லாம் கூரைக்குக் கீழே என்றார் கனடாக்காரர். அவருக்கு நான்கு சுவருக்குள் ஒருமணி நேரம் இருக்க முடியாதென்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். சரி என்றார். உறையைக் கனடாக்காரர் எடுத்துக்கொண்டு போனார்.

போன பிறகு பல மாதம் செய்தி இல்லை. ஒருநாள் அலுவலகத்துக்கு போன் வந்தது. குரல் ஏதோ கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல. குளிர் பழகிவிட்டதாம். மகள் பள்ளிக்கூடத்தில் வாயைத் திறந்து பேசுகிறாளாம், இங்கிலீஷில். வேலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, தம்பி, அதைக் கண்டனான், என்றார்.

வீட்டுக்குப் பின்னால் குப்பைத் தொட்டி வைக்கிற இடத்துக்கு வந்திருக்கிறது. மனைவிதான் முதலில் பார்த்தது. சத்தம் போடாமல் வந்து இவரைக் கூப்பிட்டிருக்கிறார். இரண்டு பேரும் சமையலறை ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறார்கள். கறுப்புக் கரடி. தொட்டியைக் கவிழ்த்து, உட்கார்ந்து, ஒரு டப்பாவை நக்கிக்கொண்டிருந்தது. மனைவி இவர் கையைப் பிடித்துக்கொண்டார், அது போகும்வரை விடவில்லை.

"இவ்வளவு பெரிசோ உங்களைக் கடிச்சது எண்டு கேட்டாள், தம்பி. கல்யாணம் கட்டி இவ்வளவு காலத்தில ஒருநாளும் கேட்டதில்லை."

"நீங்க என்ன சொன்னீங்கண்ணே?"

"இல்லை, அது இதைவிடச் சின்னன் எண்டன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் அவர் சிரித்துக் கேட்டது அதுதான் முதல் தடவை. சிரிப்பு முடிவதற்குள் காசு தீர்ந்து லைன் போய்விட்டது.